ஒரு சாண், நாலு விரல்

சோட்டியர்ஸ் ஊருக்கு மேலே
ஜாதிக்காய் மரங்கள் முடிகிற மேட்டில்
தகரக்கூரை போட்ட ஓர் அறை.
உள்ளே மூன்று திரைகள், ஒரு மின்விசிறி,
பேட்டரி வாடை,
வெர்லின் குவாஷி.

வடக்கே எட்டுக் கிலோமீட்டரில்
கடலுக்கு அடியில் இருக்கிறாள்
அவள் கண்காணிக்க வேண்டியவள்.
உச்சிக்கு மேல் நூறு பாகம் தண்ணீர்.

கிரெனடாக்காரர்கள் கழுதை என்கிறார்கள்:
உதைக்கிற பெண்கழுதை, கிக் எம் ஜென்னி.
என் மொழியின் பழைய ஏடுகளில்
கடலடித் தீக்குப் பெண்குதிரை முகம்,
வடவை என்று பேர்.
இரண்டு கரைகளும் பேசி வைத்துக்கொண்டதில்லை.
குளம்பு மட்டும் எப்படியோ பொது.

வெர்லினுக்கு இதெல்லாம் தெரியாது.
தெரிந்தது கோடுகள்.
வேலிக்கம்பியில் முதுகு சொறியும் ஆடு
குட்டையாய், அவசரமாய்ச் சிணுங்கும்.
கல் ஏற்றிய லாரி வீங்கி வடியும்.
சனிக்கிழமை ராத்திரி ஊர்க்கோடி ஒலிபெருக்கி
தாளம் தப்பாமல் ரம்பப்பல் வரையும்.
அடியில் இருப்பவள் அசைந்தால்
முதலில் ஒன்றும் இருக்காது,
பிறகு ஊசிமுனையாய்த் தொடங்கித் தடித்து
விட்டுப்போக மனமில்லாத ஒரு வால்.

செவ்வாய் பின்னிரவு, மூன்று பத்துக்கு, ஒரு வால்.
நாற்பது நொடியில் இன்னொன்று.
நான்கு மணிக்குள் எண்பத்தாறு.

ட்ரினிடாடில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பினாள்.
மஞ்சள் ஆரஞ்சானது.
ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டம் ஐந்தாய் விரிந்தது.
கரியகூ படகுக் கேப்டன் வானொலியில்
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
சுற்றி வருகிறேன் என்றார்.

வட்டம் எதற்கென்று பள்ளிக்கூடங்களில்
அவளே சொல்லியிருக்கிறாள்.
குமிழி கலந்த தண்ணீருக்குத் தோள் கிடையாது.
அலை வேண்டாம், காற்று வேண்டாம்,
நெருப்பு மேலே வரவே வேண்டாம்.
இத்தனை நாள் தாங்கிய கடல்
கொஞ்ச நேரம் தாங்க மறந்துவிடும்.

வட்டத்துக்குள் இருந்தான்
சித்தி மகன் ஆல்ஸ்டன்.
போன் அடித்தது, எடுக்கவில்லை.
பிறகு அடிக்கவுமில்லை.

மீன் வட்டத்துக்குள்தான்.
யாரும் வலை போடாத இடத்தில்
பயமில்லாமல் கொழுத்த மீன்.
ஊருக்குத் தெரியும். அவளுக்கும்.
ஞாயிற்றுக்கிழமைகளில்
தேங்காய்ப்பாலில் வெந்த அந்த மீனை
எந்தப் பக்கத்துக் கடல் என்று கேட்காமல்
தின்றிருக்கிறாள்.

ஒவ்வொரு வாலுக்கும் நேரம் குறித்தாள்.
வேறென்ன செய்ய?
சில இடங்களில் ஒன்று ஏழுபோல் விழுந்தது.

ஏழரைக்கு எல்லாம் அடங்கியது.
நீரில் புகை இல்லை, மிதக்கும் கல் இல்லை.
"ஒரு நாள் பொழப்பு போச்சு" என்றது
வானொலியில் ஒரு குரல்.
அதற்கு அவளிடம் பதில் இருந்தது.
சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஆல்ஸ்டன் வந்தான்,
இரண்டு பெட்டி சூரையோடு.
"ஒண்ணும் நடக்கலையே!"
சத்தமாக, கரையில் நின்ற அத்தனை பேருக்கும்.
பிறகு கயிறு சுருட்டுகிற சாக்கில் பக்கத்தில் வந்து,
"ஒரே ஒரு தடவ.
இருட்டுல இன்னொரு படி இருக்குன்னு
காலை வெப்போமே, இருக்காதே,
அப்படி.
எஞ்சின் வெறுமனே கத்துச்சு.
அப்புறம் கீழேருந்து தூக்கி விட்டுருச்சு."

படகின் வெள்ளைப் பலகையில்
வழக்கமான நீர்மட்டத்துக்கு மேலே
மெல்லிய சாம்பல் கோடு,
பென்சிலால் இழுத்ததுபோல்.
அளவுநாடா மேட்டில், பெட்டியில்.
கையை விரித்து வைத்தாள்.
படகின் விளிம்புக்கு இன்னும் மூன்று விரல்கூட மிச்சமில்லை.

பதிவேட்டில் நேரத்துக்குக் கட்டம் உண்டு,
ஆழத்துக்கு, அதிர்வின் அளவுக்கு.
இதற்கு இல்லை.
ஓரத்தில் எழுதினாள்: ஒரு சாண், நாலு விரல்.
யாருடைய படகு என்று எழுத
பேனா வரை போன கையை எடுத்துக்கொண்டு
சன்னல் வழியே பார்த்தாள்.

கீழே, துறையில்,
அவன் வாளி வாளியாய் மொண்டு
கோட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.
வெளியே ஆடு வேலிக்கு வந்தது.
திரையில் குட்டையாய் ஒரு சிணுங்கல்.
அதையும் குறித்துக்கொண்டாள்.